பூனையின் வாலுக்குக் கீழே அரிசி மாதிரி ஒட்டியிருக்கிறது, பூச்சி மருந்து கொடுத்தும் திரும்ப வருகிறது, என்ன செய்வது?

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் பதில் எழுதாமல் போக மனம் வரவில்லை. கடையில் நீங்களாக ஒரு சிரப் வாங்கி ஊற்றியிருப்பீர்கள், வீட்டில் யாராவது "பூனையை எங்கேயாவது கொண்டு போய் விடு" என்று சொல்லிக்கொண்டும் இருப்பார்கள். எனக்கு இரண்டுமே நடந்தது. நான் மருத்துவர் இல்லை, பல வருடங்களாகப் பூனை வளர்ப்பவள், அவ்வளவுதான்.

நீங்கள் பார்ப்பது நாடாப்புழு. முழுப்புழு இல்லை, அதிலிருந்து கழன்று விழும் துண்டு. 2019 கோடையில் உறையூர் வீட்டில், எங்கள் பொன்னி படுத்து எழுந்த தலையணை உறையில் ஐந்தாறு கிடந்தன. சோற்றுப் பருக்கை என்று நினைத்துத் தட்டிவிடப் போனேன், அதில் ஒன்று மெதுவாக நீண்டு சுருங்கியது. காய்ந்துவிட்டால் அசையாது, எள் மாதிரி பழுப்பாகக் கிடக்கும்.

நான் வாங்கிய சிரப்பில் இருந்தது பைரன்டெல். அது உருளைப்புழுவுக்கும் கொக்கிப்புழுவுக்கும் கேட்கும், நாடாப்புழுவை ஒன்றும் செய்யாது. அதற்குப் பிராசிகுவான்டல் வேண்டும். கால்நடை டாக்டரம்மா அந்த மாத்திரையைக் கொடுத்ததும் நின்றது. மூன்று வாரம் கழித்து மறுபடியும் அதே அரிசி. மாத்திரை சரியில்லை என்று அவரிடமே கோபமாகப் போய் நின்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் பொன்னியின் வால் தொடங்கும் இடத்தில் முடியை விலக்கி, அங்கே மிளகுத்தூள் தூவின மாதிரி இருந்ததை ஈரப் பஞ்சில் ஒற்றி எடுத்துக் காட்டினார். ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் செம்பழுப்பாகக் கசிந்தது. "அழுக்கு இல்லம்மா, ரத்தம். தெள்ளுப்பூச்சி குடிச்சுட்டுப் போட்ட எச்சம்" என்றார். நாடாப்புழுவின் குஞ்சு அந்தத் தெள்ளுப்பூச்சிக்குள்தான் இருக்கிறது. பூனை உடம்பை நக்கும்போது அதை விழுங்கும், இரண்டு மூன்று வாரத்தில் குடலில் புழு வளர்ந்து துண்டு விழ ஆரம்பிக்கும். தெள்ளுப்பூச்சி இருக்கும்வரை நீங்கள் எத்தனை மாத்திரை கொடுத்தாலும் இதே கதைதான்.

தெள்ளுப்பூச்சி சாக, பூனைக்கான சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார் டாக்டரம்மா. பக்கத்துக் கடையில் அது இல்லை. கடைக்காரர் நாய்க்கானதை எடுத்து நீட்டி, "ரெண்டும் ஒண்ணுதான், அளவைக் குறைச்சுப் போடுங்க" என்றார். போட்டேன். ராத்திரி பதினொரு மணிக்குப் பொன்னியின் காது துடிக்க ஆரம்பித்தது, அப்புறம் பின்னங்கால்கள், அப்புறம் உடம்பு முழுக்க. டாக்டரம்மா போனிலேயே சொல்லச் சொல்ல, வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவத்தைப் போட்டு முடியைக் கழுவி, துண்டில் சுற்றிக்கொண்டு ஆட்டோவில் ஓடினேன். இரண்டு ராத்திரி சலைன் ஏறியது. அதில் இருந்தது பெர்மெத்ரின். நாய் தாங்கும், பூனையின் ஈரலால் அதை முறித்து வெளியேற்ற முடியாது. லேபிளைப் படிக்காதது உன் தப்பு என்பீர்கள். ஆமாம், என் தப்புதான், இன்றைக்கும் அந்த நடுக்கம் கண்ணில் நிற்கிறது. ஆனால் மருந்தை விற்கிறவருக்குப் பொறுப்பே இல்லையா?

பூண்டு கொடுக்கலாம், வேப்பெண்ணெய் தடவலாம் என்று இங்கேயே சிலர் எழுதியிருக்கிறார்கள். நாட்டு வைத்தியத்துக்கு நான் எதிரி இல்லை, என் குழந்தைகளுக்கு நானே கஷாயம் வைப்பவள். ஆனால் பூண்டும் வெங்காயமும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வேப்பெண்ணெயை நக்கி உயிருக்குப் போராடிய பூனைகளும் உண்டு. தயவுசெய்து வேண்டாம்.

உடம்பில் தெரிகிற தெள்ளுப்பூச்சி கொஞ்சம்தான். அதன் முட்டை, இளம்புழு, கூட்டுப்புழு எல்லாம் பாயிலும் கட்டிலடியிலும் சோபா இடுக்கிலும் கிடக்கும், கூட்டுக்குள் இருப்பது மாதக்கணக்கில் காத்திருக்கும். அதனால் மூன்று மாதம் விடாமல் செய்தேன். பூனை படுக்கும் துணியை வாரம் ஒருமுறை சுடுதண்ணீரில் துவைத்தேன், தினமும் மூலைமுடுக்கெல்லாம் பெருக்கினேன், பேன் சீப்பால் பூனையை வாரி, சிக்கிய தெள்ளுப்பூச்சியைச் சோப்புத் தண்ணீரில் முக்கினேன், மாதம் ஒரு தடவை தெள்ளுப்பூச்சிக்கான செலமெக்டின் சொட்டு, நாக்கு எட்டாத பிடரியில். வீட்டில் இரண்டு பூனை இருந்தால் இரண்டுக்கும் போட வேண்டும். அதற்குப் பிறகு அரிசி வரவில்லை.

குட்டி வைத்திருந்தால் இன்னொன்று. தாய்ப்பால் வழியாகவே உருளைப்புழு வந்துவிடும். உடம்பு மெலிந்து வயிறு மட்டும் பானை மாதிரி இருந்தால் பெரும்பாலும் அதுதான். மூன்று வார வயதிலிருந்து பால்குடி மறக்கும்வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும், அப்புறம் ஆறு மாதம் வரை மாதாமாதமும் மருந்து கொடுக்கலாம். வெளியே போய்வரும் பெரிய பூனைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை.

நீங்கள் கேட்கவில்லைதான், ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும். என் தங்கை பிரசவத்துக்கு வந்திருந்தபோது, பூனை இருந்தால் கரு கலையும் என்று பெரியம்மா சாக்கோடு வந்து நின்றார், மார்க்கெட்டில் விட்டுவிடுவதற்கு. டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி இருப்பது உண்மை, கருவுக்கு ஆபத்து என்பதும் உண்மை. ஆனால் பெரும்பாலான பூனைகள் முதல்முறை தொற்றும்போது ஒன்றிரண்டு வாரங்கள்தான் அதைக் கழிவில் வெளியேற்றும், அந்தக் கழிவும் ஒருநாளாவது கிடந்தால்தான் தொற்றும். பூனை மலம் கழிக்கும் மண்தட்டை நான் தினமும் காலையில் சுத்தம் செய்தேன், தங்கையைத் தொடவிடவில்லை. அரைவேக்காட்டுக் கறியிலும் தோட்டத்து மண்ணிலும் அதே கிருமி வரும், அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. தங்கைக்குப் பெண் குழந்தை, நல்லபடியாகப் பிறந்தது. பொன்னி வீட்டிலேயே இருந்தாள்.

சரி, டாக்டரிடம் போகும் முன் எடை பார்த்துக்கொள்ளுங்கள், மாத்திரை அளவு எடையை வைத்துத்தான். பூனை தராசில் நிற்காது. முதலில் நீங்கள் மட்டும் ஏறிப் பாருங்கள், பிறகு அதைத் தூக்கிக்கொண்டு ஏறிக் கழித்துக்கொள்ளுங்கள்.