தலைப்பிரட்டையின் வால் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உயிரியலாளர் ஜம்ஷெட் டாடாவின் ஆராய்ச்சியைப் பற்றிப் போகிறபோக்கில் இரண்டு வரி எழுதியிருந்தீர்கள். தலைப்பிரட்டைக்குக் கால் முளைப்பதும் வால் மறைவதும் தைராய்டு ஹார்மோனால்தான் என்று. பிரசவத்துக்குப் பிறகு தினமும் வெறும் வயிற்றில் அந்த ஹார்மோன் மாத்திரையைப் போடுகிறவள் நான். டாக்டர் சொன்னதெல்லாம் எடை, அசதி, முடி கொட்டுவது மட்டும்தான். ஒரே பொருள் காலை வளர்த்து வாலைக் கொல்வது எப்படி? மேலதிகாரி ஒரே உத்தரவில் ஒருவருக்கு வேலை போட்டுக்கொடுத்து இன்னொருவரை வீட்டுக்கு அனுப்புவது போல இருக்கிறதே?

மாலதி, நாமக்கல்

அன்புள்ள மாலதி,

உங்கள் மாத்திரையில் இருப்பதும் தலைப்பிரட்டைக்குச் சுரப்பதும் ஒரே மூலக்கூறுதான், தைராக்சின். நான்கு அயோடின் அணுக்கள் கொண்டதால் டி4 என்பார்கள். உடலுக்குள் அதில் ஒன்று கழன்று டி3 ஆகும். வீரியம் அதற்குத்தான் அதிகம். 1912இல் குடர்நாட்ச் என்பவர் குதிரையின் தைராய்டைத் தலைப்பிரட்டைகளுக்குத் தீனியாகப் போட்டார். வளர வேண்டிய அளவுக்கு வளராமலே அவை குட்டியூண்டு தவளைகளாகிவிட்டன. நான்கு வருடம் கழித்து அமெரிக்காவில் பென்னட் ஆலன் தலைப்பிரட்டையின் தைராய்டையே எடுத்துப் பார்த்தார். அவை தவளையாகாமல் தலைப்பிரட்டையாகவே பெருத்துக்கொண்டு போயின.

மேலதிகாரி உவமைதான் எனக்கு ஒத்துவரவில்லை. உத்தரவென்றால் என்ன செய்ய வேண்டும் என்று அதில் இருக்க வேண்டும். இதில் அது இல்லை. 1933இல் ஷ்விண்ட் ஒரு தலைப்பிரட்டையின் கண்ணை எடுத்து வாலில் ஒட்டவைத்தார். உருமாற்றம் தொடங்கி வால் கரையத் தொடங்கியது. கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. சுருங்கும் வாலோடு மெல்ல மெல்ல நகர்ந்து, கடைசியில் தவளையின் பின்புறத்தில் வந்து நின்றது. இரண்டுக்கும் கிடைத்தது ஒரே ரத்தம், அதே ஹார்மோன். என்ன செய்வது என்பது அந்தந்தத் திசுவுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

இனி டாடா. அந்தப் பெயரைக் கேட்டதும் நமக்கு லாரியும் அயோடின் உப்பும்தான் ஞாபகம் வரும், இவர் வேறு. 1930இல் பம்பாயில் பிறந்து, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் படித்து, பாரிஸில் முனைவர் பட்டம் பெற்று, லண்டன் மில் ஹில்லில் இருந்த தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் வாழ்நாள் முழுக்கத் தைராய்டு ஹார்மோனோடு மல்லுக்கட்டியவர்.

வாலை வெட்டி ஊட்டக் கரைசலில் போட்டுவைத்தால் உடல் இல்லாமலே சில நாள் உயிரோடு இருக்கும். அதில் துளி டி3 விட்டால் போதும், தட்டிலேயே சுருங்கிவிடும். செல்லுக்குள் செரிமான நொதிகள் பைகளில் தயாராக இருக்கின்றன, ஹார்மோன் வந்து பையைக் கிழித்துவிடுகிறது, வால் தன்னையே தின்றுவிடுகிறது என்பது அன்று பலருக்கும் இருந்த ஊகம். டாடா டி3யோடு ஆக்டினோமைசினையும் சேர்த்தார். மரபணுவின் நகலான ஆர்என்ஏ புதிதாக உருவாவதைத் தடுக்கும் விஷம் அது. வால் சுருங்கவில்லை. புரத உற்பத்தியை நிறுத்தும் மருந்துகளைப் போட்டபோதும் அப்படித்தான். பழைய சரக்கே போதும் என்றால் வால் போயிருக்க வேண்டும். ஆக, சாவதற்கும் செல் புதிதாக மரபணுக்களைத் திறந்து, புதிய புரதங்களைச் செய்தாக வேண்டியிருக்கிறது. செல்லைக் கொல்லும் விஷம் வாலைக் காப்பாற்றிவிட்டது! 1966இல் வெளிவந்த ஆய்வு இது. செல்லின் தற்கொலைக்கு அபாப்டோசிஸ் என்று பெயர் வைத்ததே 1972இல்தான்.

ஹார்மோன் போய் ஒட்டிக்கொள்ளும் ஏற்பியை 1986இல் இரண்டு குழுக்கள் கண்டுபிடித்தன. அது செல்லின் உட்கருவுக்குள் மரபணுக்கள் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. ஹார்மோன் இல்லாதபோதும் சும்மா இருப்பதில்லை, மரபணுவை மூடியே வைத்திருக்கிறது. ஹார்மோன் வந்ததும் திறக்கிறது. எந்தெந்த மரபணு திறக்கும் என்பது அந்தச் செல் காலாகவோ வாலாகவோ ஆன கதையைப் பொறுத்தது. கல்லீரலைப் பாருங்கள்: வளர்வதும் இல்லை, சாவதும் இல்லை, வேலையை மாற்றிக்கொள்கிறது. தண்ணீரில் இருந்தவரை அம்மோனியாவை அப்படியே வெளியே விட்டது. கரைக்கு வந்தால் அது விஷம், எனவே யூரியாவாக மாற்றக் கற்றுக்கொள்கிறது.

டாக்டர் சொன்ன எடையும் அசதியும் வளர்ந்தவர்களின் விவகாரம். கருவிலும் கைக்குழந்தையிலும் இதே ஹார்மோன் செய்வது தலைப்பிரட்டை வகை வேலை, முக்கியமாக மூளையில். கர்ப்பத்தின் முதல் மாதங்களில் குழந்தையின் சுரப்பி வேலை தொடங்கியிருக்காது, அம்மாவின் தைராக்சினை நம்பித்தான் இருக்கும். பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்திச் சொட்டு ரத்தம் எடுக்கிறார்களே, அந்தப் பரிசோதனைகளில் தைராய்டும் ஒன்று. சுரப்பி இல்லாத தலைப்பிரட்டைக்குத் தாமதமாக ஹார்மோன் கொடுத்தாலும் அது தவளையாகிவிடும். குழந்தையின் மூளைக்கு அந்த அவகாசம் கிடையாது. அதனால்தான் குறை தெரிந்தால் முதல் இரண்டு வாரத்துக்குள் சிகிச்சையைத் தொடங்கப் பார்க்கிறார்கள். கொடுப்பது நீங்கள் போடும் அதே மாத்திரைதான், சிறிய அளவில், நுணுக்கித் தாய்ப்பாலில் கலந்து.