தியாகம் என்ற கற்பூரம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஒலிவியே மாசே-டெபாஸ் இயக்கிய 'இல்லேகால்' (2010) படத்தை அம்மாவுடன் பார்த்தேன். பெல்ஜியத்தில் ஆவணங்களின்றி மகனுடன் வாழும் ருஷ்யப் பெண் தானியாவின் தியாகம் உலுக்கிவிட்டது. அம்மா வெகுநேரம் பேசவில்லை. ஆனால், பிடிபட்டதும் பெயரைச் சொல்லிவிட்டுச் சட்டப்படி போராடியிருக்கலாமே? தடுப்பு முகாம் காட்சிகளும் மிகையாகத் தெரிகின்றன. இசை குறைவாக இருப்பது ஏன்?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

இசையை விடுங்கள். தியாகம் என்ற சொல்லைப் பார்த்ததுமே எரிச்சல் வந்துவிட்டது. திரையில் ஒருத்திக்குப் பிள்ளை இருந்தால் போதும், கற்பூரம் ஏற்றிக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். அவள் என்ன செய்கிறாள் என்று பார்ப்பதில்லை. இஸ்திரிப்பெட்டியைச் சூடாக்கித் தன் விரல்நுனிகளைப் பொசுக்கிக்கொள்கிறாளே, அதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரி உண்டா?

அவள் போடுவது பச்சைக் கணக்கு. கைரேகை சிக்கினால் ஆள் யார் என்று தெரிந்துவிடும். தெரிந்தால்தான் சொந்த நாட்டுத் தூதரகம் பயணச்சான்று கொடுக்கும். சான்று கிடைத்தால்தான் விமானத்தில் ஏற்றுவார்கள். ஆகவே வாயைத் திறக்க மறுக்கிறாள். திருச்சியில் உட்கார்ந்துகொண்டு 'சட்டப்படி போராடு' என்று சொல்ல உங்களுக்கும் எனக்கும் என்ன செலவு?

மிகை என்கிறீர்கள். 1998 செப்டம்பரில் செமிரா ஆதாமு என்ற 20 வயது நைஜீரியப் பெண்ணை நாடுகடத்த, பிரஸ்ஸல்ஸில் விமானத்தில் ஏற்றினார்கள். கட்டாயக் கல்யாணத்துக்குப் பயந்து ஓடிவந்தவள். சத்தம் போடாமலிருக்க, காவலர்கள் அவள் முகத்தைத் தலையணையில் அமுக்கிப் பிடித்தார்கள். அன்றே செத்துப்போனாள். அந்தத் தலையணையை அரசு விதிமுறையே அனுமதித்திருந்தது. நடந்ததைக் காவலர்களே வீடியோவும் எடுத்தார்கள்! உள்துறை அமைச்சர் லூயி டோபாக் பதவி விலகினார். குற்றவாளிகள் என்று தீர்ப்பான காவலர்களுக்குக் கிடைத்தவை நிறுத்திவைக்கப்பட்ட தண்டனைகள். படம் இதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து வந்தது. இயக்குநர் அடக்கித்தான் வாசித்திருக்கிறார்.

உங்கள் அம்மா பேசாமல் இருந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். படத்தைச் சரியாகப் பார்த்தவர் அவர்தான்.

தாய்க்காகத்தான் அழவேண்டுமென்றால் இன்னொன்று சொல்கிறேன். 2002இல் ஐந்து வயதுக் காங்கோச் சிறுமி ஒருத்தியை, தாய் கனடாவில் காத்திருக்க, பெரியவர்களுக்கான முகாமில் ஏறக்குறைய இரண்டு மாதம் அடைத்துவைத்துப் பிறகு தனியாகக் கின்ஷாசாவுக்கு அனுப்பியது சட்டப்படி போராடலாம் என்று நீங்கள் நினைக்கும் அதே பெல்ஜியம். விமான நிலையத்தில் அவளை அழைத்துப்போகச் சொந்தக்காரர் யாரும் வரவில்லை. 2006இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் பெல்ஜியத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பு இணையத்தில் கிடைக்கிறது. படித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். கட்டாயம் எழுதுங்கள்.