பெயர்ந்து விழுந்த பல்லை என்ன செய்வது?

கேள்வி: 8 வயதான என் மகன் சைக்கிளிலிருந்து விழுந்ததில் மேல் முன்பல் ஒன்று வேரோடு பெயர்ந்துவிட்டது. மண் ஒட்டியிருந்ததால் சவர்க்காரம் போட்டுப் பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்துக் கழுவி, டிஷ்யூவில் மடித்து வைத்திருந்து, மறுநாள் காலையில் பல் மருத்துவரிடம் கொண்டுபோனேன். பல்லைப் பொருத்திக் கம்பி கட்டிய அவர், அது நெடுநாள் நிற்பது ஐயமே என்கிறார். கழுவியது என் தவறா? 3 வயது மகளுக்கும் இப்படி நேர்ந்தால் என்ன செய்வது?
— ஒரு தாய், பட்டர்வொர்த், பினாங்கு.

பதில்: சகோதரி, மண் பட்டதைத் தேய்த்துக் கழுவுவது எந்தத் தாய்க்கும் இயல்பு, இதை உங்களுக்கு யாரும் முன்பே சொல்லித் தரவில்லை என்பதுதான் என் வருத்தம். புதிதாகப் பெயர்ந்த பல்லின் வேரை உற்றுப் பார்த்தால், வெங்காயத்தின் உள்தோல் போல மெல்லிய, ஈரமான சவ்வு ஒட்டியிருப்பது தெரியும். பல்லை எலும்போடு பிணைக்கும் உயிரணுக்கள் அதில்தான் இருக்கின்றன. தேய்த்தால் அவை சிதைந்துவிடும். தேய்க்காவிட்டாலும், உலர்ந்த நிலையில் 60 நிமிடம் கடந்தால் அவை பிழைப்பது அரிது. சவ்வு இறந்த வேரை எலும்பு தன்னோடு இறுகச் சேர்த்துக்கொண்டு, நாளடைவில் கரைத்துவிடும். மருத்துவரின் ஐயத்துக்குக் காரணம் அதுவே. ஆயினும் அவர் பொருத்தியது மிகச் சரி, ஏனெனில் சில ஆண்டுகள் நின்றாலும் அந்தப் பல் அவ்விடத்து எலும்பு குறுகாமல் காக்கும். அவர் சொல்லும் பரிசோதனை நாள்களைத் தவறவிடாதீர்கள்.

நிலைப்பல் விழுந்தால், வேரைத் தொடாமல் வெண்மையான மேற்பகுதியைப் பிடித்தெடுத்து, பாலில் மெதுவாக அலசி, முன்பக்கம் முன்னே இருக்கும்படி அதே குழியில் செருகி, மடித்த கைக்குட்டையைக் கடிக்கச் சொல்லி, உடனே கிளினிக்குக்குப் புறப்படுங்கள். செருக மனம் துணியாவிட்டால் பல்லைப் பாலிலேயே போட்டுக் கொண்டுபோகலாம். பெட்டிப் பால் போதும். தேநீருக்குக் கலக்கும் சர்க்கரை சேர்ந்த கெட்டிப்பால் மட்டும் வேண்டாம். பால் கிடைக்காவிட்டால், பிள்ளையை ஒரு கோப்பையில் துப்பச் சொல்லி அந்த எச்சிலில் போடுங்கள்.

மகளுக்கு இருப்பவை பால்பற்கள். அவற்றைத் திரும்பச் செருகவே கூடாது, உள்ளே வளரும் நிலைப்பல்லின் முளை காயப்படும். அதற்காக, "எப்படியும் விழப்போகிற பல்தானே" என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். விழுந்த பால்பல்லைக் கூரைமேல் எறியும் வழக்கம் நம்மிடம் உண்டு. அடிபட்டு விழுந்ததை முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள், வேர் முழுமையாக வந்திருக்கிறதா என்று அவர் பார்க்க வேண்டும். பல் கிடைக்கவே இல்லை என்றால் அதையும் சொல்லுங்கள். அது ஈறுக்குள் புதைந்திருக்கலாம், அரிதாக மூச்சுக்குழாய்க்குள்ளும் போயிருக்கலாம். பிள்ளைக்கு விடாத இருமலோ மூச்சுத்திணறலோ இருந்தால், கிளினிக்கைத் தேடாமல் நேரே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கொண்டுசெல்லுங்கள்.