மறதியும் ஸ்கேனும்: ரேடியாலஜிஸ்ட் பதில்கள்

அம்மாவுக்கு 71 வயது. கோயிலுக்குப் போனவர், வீட்டுக்கு வழி தெரியாமல் தெற்கு மாட வீதியில் நின்றிருக்கிறார். எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் ‘வயதுக்கேற்ற சுருக்கம்’ என்று மட்டும் இருக்கிறது. பயமில்லைதானே டாக்டர்? (மயிலாப்பூர்)

அந்த வரியை நாங்கள் கைப்பழக்கத்தில் எழுதிவிடுவோம், நானும் எழுதியிருக்கிறேன். பார்க்க வேண்டியது ஹிப்போகாம்பஸ். காதுக்கு உள்பக்கமாக, கடற்குதிரை போல வளைந்து கிடக்கும் நினைவுப் பகுதி. அல்சைமர் என்ற மறதி நோயில் பெரும்பாலும் முதலில் சுருங்குவது இதுவும் இதன் அக்கம்பக்கமும்தான். இதற்கு 0 முதல் 4 வரை மதிப்பெண் போடும் முறை 1992-லேயே வந்துவிட்டது. 75 வயதுக்குள் 2 வந்தாலே சந்தேகப்படுவோம். ஸ்கேன் படங்கள் உள்ள குறுந்தகட்டை ரேடியாலஜிஸ்டிடம் கொடுத்து அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். எண் நன்றாக இருந்தாலும் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். பழகிய தெருவில் வழி தவறியது எந்தப் படத்தையும்விடப் பெரிய தகவல். பி12, தைராய்டு ரத்தப் பரிசோதனையும் செய்துவிடுங்கள்.

கம்ப்யூட்டரே கண்டுபிடித்துவிடும் என்கிறார்களே சார், எப்படி? (அம்பத்தூர்)

மூளைப் படத்தை ஏறக்குறைய 1 மி.மீ. கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டமும் சாம்பல் பகுதியா, வெண்பகுதியா, நீரா என்று மென்பொருள் அடையாளம் போடும். ஹிப்போகாம்பஸில் விழுந்த கட்டங்களைக் கூட்டினால் அதன் கன அளவு. பெரிய மண்டைக்குப் பெரிய மூளை என்பதால் அதற்கும் கழித்துக்கொண்டு, அதே வயதுக்காரர்களோடு ஒப்பிடும். கண்ணுக்குத் தப்பும் சின்னச் சுருக்கமும் இதில் தெரியும்.

ஆனால் அது எளிதில் ஏமாறும். ஒரு பெரியவர் மெஷினுக்குள் வாய்விட்டு சுலோகம் சொல்லிக்கொண்டே இருந்தார். தாடை அசைய, தலையும் அசைந்தது. மென்பொருள் ‘கடுமையான சுருக்கம்’ என்றது. மகள் அவர் காலைப் பிடித்துக்கொண்டு நிற்க, மறுபடி எடுத்தோம். அளவு சரியாகவே இருந்தது! இன்னொன்று: இப்படிப்பட்ட மென்பொருள்கள் பலவும் பழகியது 2004-ல் வட அமெரிக்காவில் தொடங்கிய ஏ.டி.என்.ஐ. என்ற அல்சைமர் மூளைப்பட ஆய்வின் படங்களில். அதில் பெரும்பாலோர் படித்த வெள்ளையர்கள். பள்ளிக்கூடமே போகாத நம்மூர்ப் பாட்டிக்கு அந்த ஒப்பீடு எவ்வளவு பொருந்தும் என்று யோசித்துத்தான் நான் கையெழுத்துப் போடுவேன். ஒரு வருடம் கழித்து அதே மெஷினில் எடுத்து அவரையே அவரோடு ஒப்பிட்டால் இன்னும் நம்பலாம்.

பெட் ஸ்கேன் எடுத்தே ஆகணுமா? (தாம்பரம்)

எல்லோருக்கும் வேண்டாம், செலவு அதிகம். எந்த வகை மறதி நோய் என்று குழப்பம் இருந்தால் எடுக்கலாம். அல்சைமரில் மூளையில் சேரும் அமிலாய்ட் என்ற புரதப் படிவைக் காட்டும் பெட் ஸ்கேனில் ஒரு சிக்கல்: மறதியே இல்லாத முதியவர்கள் சிலருக்கும் அந்தப் படிவு இருக்கும்.

அப்பாவுக்கு பேஸ்மேக்கர் இருக்கு. போன மாதம் பாத்ரூமில் விழுந்தார், அதற்கப்புறம்தான் குழப்பம். எம்.ஆர்.ஐ. முடியாது என்கிறார்கள். (பெரம்பூர்)

எம்.ஆர்.ஐ.யை விடுங்கள். இன்றைக்கே சாதாரண சி.டி. எடுங்கள். விழுந்த அடியில் மூளையைச் சுற்றி ரத்தம் மெதுவாகக் கசிந்து, வாரக்கணக்கில் சேர்ந்து, மறதி நோய் போலவே காட்டும். சி.டி.யில் அது பெரும்பாலும் தெரிந்துவிடும். ரத்தத்தை வெளியேற்றினால் பலர் பழையபடி ஆகிவிடுகிறார்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரென்றால் அந்தச் சீட்டையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.