நாமே உருவாக்கும் போக்கிமானைச் சமநிலைப்படுத்துவது என்றால் என்ன?

போக்கிமான் என்பது வீடியோ கேமில் நாம் மோதவிடும் கற்பனை உயிரினம். போட்டியில் அது எல்லாரையும் நசுக்கிவிடாமலும், யாரும் சீண்டாத சப்பையாகிவிடாமலும் அதன் வேகம், தாக்குதல் போன்ற எண்களை அமைப்பதுதான்.

வேகத்தை முதலில் பாருங்கள். சாரிசார்ட், சாலமென்ஸ் என்ற இரண்டு போக்கிமான்களின் அடிப்படை வேகமும் 100, கார்ச்சோம்ப் என்ற இன்னொன்றுக்கு 102. ஒரே மாதிரி வளர்த்திருந்தால், அந்த 2 புள்ளியால் கார்ச்சோம்ப் முதலில் அடிக்கும். எதிரிக்குத் திருப்பி அடிக்க வாய்ப்பே இல்லாமல் போகலாம். வேலூர்ப் பக்கம் எருது விடும் விழா பார்த்தவர்களுக்கு இது சட்டெனப் புரியும்: குறைந்த நொடியில் தூரத்தைக் கடக்கும் மாட்டுக்குத்தான் முதல் பரிசு, கொம்பின் கம்பீரத்துக்கு இல்லை. அதனால் உங்கள் படைப்புக்கு 103 கொடுக்குமுன், யாரையெல்லாம் முந்தும் என்று எழுதிப் பாருங்கள். அப்புறம் தாக்குதலைக் கொஞ்சம் குறையுங்கள்.

எல்லாத் திறன்களின் மொத்தப் புள்ளி மற்றவற்றுக்குச் சமமானால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்லேக்கிங் என்ற போக்கிமானுக்கு மொத்தம் 670, ரொம்பவே அதிகம். ஆனாலும் அதன் சோம்பல் குணத்தால் ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றுதான் அடிக்க முடியும்.