நியூயார்க் தீயணைப்பு ரேடியோவைக் கேட்டு, எந்த வண்டிக்கு என்ன வேலை என்று எப்படிப் பிடிப்பது?

நான் இருப்பது நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில், நாலு வருஷமாக ராத்திரி வேளையில் ஸ்கேனர் (இந்த மாதிரி ரேடியோப் பேச்சைக் கேட்க உதவும் பெட்டி) கேட்கிற ஆள். அதனால் நியூயார்க் கதை மட்டும் சொல்கிறேன், மற்ற ஊர்களில் முறை வேறு.

கோட் எண்களை மனப்பாடம் பண்ண உட்காராதீர்கள். நான் உட்கார்ந்தேன், ஒரு பிரயோஜனமும் இல்லை. பேப்பரை எடுத்து, வண்டிகளை அனுப்புகிற கட்டுப்பாட்டு அறை சொல்கிற வரிசையிலேயே எழுதுங்கள், ஏனென்றால் வேலை யாருக்கு என்ன என்பது வழக்கமாக அந்த வரிசையில்தான் ஒளிந்திருக்கிறது. கட்டடத்தில் தீ என்று தகவல் வந்தால் பொதுவாக 3 இன்ஜின் (தண்ணீர் அடிக்கும் வண்டி), 2 லேடர் (ஏணி வண்டி), ஒரு பட்டாலியன் சீஃப் (அங்கே பொறுப்பேற்கும் அதிகாரி). முதல் இன்ஜின் ஹோஸ், அதாவது தண்ணீர்க் குழாய் இழுக்கும், இரண்டாவது இன்ஜின் ஆட்கள் அதே ஹோஸுக்குக் கைகொடுப்பார்கள். முதல் லேடர் எரிகிற மாடிக்கு, இரண்டாவது அதற்கு மேல்மாடிக்கு. இதையெல்லாம் ரேடியோவில் யாரும் விளக்க மாட்டார்கள், எண்களைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

எண்ணை வைத்தே இடமும் ஓரளவு தெரியும்: இன்ஜின் 200ஐத் தாண்டினால் ப்ரூக்ளினோ குயின்ஸோதான். ரெஸ்க்யூ, அதாவது மீட்பு வண்டிகள் மொத்தமே 5, பரோவுக்கு (நகரின் ஐந்து பெரும் பகுதிகளுக்கு அப்படித்தான் பெயர்) ஒன்று, எங்களுடையது ரெஸ்க்யூ 4.

அப்புறம் 10-75. சம்பவ இடத்துக்கு முதலில் போனவர்கள் 'நிஜமாகவே எரிகிறது' என்று சொல்வதற்கான எண் அது. அந்த எண் ரேடியோவில் வந்த உடனே நாலாவது இன்ஜின், ரெஸ்க்யூ, ஸ்குவாட் (இன்ஜின் வேலையும் மீட்பு வேலையும் தெரிந்த குழு), இன்னொரு லேடர் எல்லாம் கிளம்பும். அந்த லேடரை ஃபாஸ்ட் டிரக் என்பார்கள். வேகமாகப் போகிற வண்டி போல என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்! உள்ளே போன வீரர்கள் யாராவது மாட்டிக்கொண்டால் மீட்டு வருவதற்கென்றே தயாராக நிற்கிற குழு அது.

ஒருநாள் எங்கள் தெருமுனை இன்ஜினை விட்டுவிட்டு, தூரத்தில் இருக்கிற ஒன்றை முதலில் அழைத்தார்கள். தப்பாகக் கேட்டுவிட்டோம் என்று அடித்துவிட்டு மாற்றி எழுதினேன். பார்த்தால், பத்து நிமிஷம் முன்னால் எங்கள் இன்ஜின் கேஸ் வாடைக்குப் போயிருக்கிறது, என் நோட்டிலேயே நாலு வரி மேலே இருக்கிறது. அன்றிலிருந்து வெளியே போன வண்டிகளுக்கு ஓரத்தில் தனிப் பட்டியல், திரும்பினால் ஒரு டிக்.

சம்பவ இடத்தில் வீரர்கள் தங்களுக்குள் கையடக்க ரேடியோவில் பேசுவது, வண்டிகளை அனுப்புகிற இந்த அலைவரிசையில் வராது. சீஃப் சொல்கிற நிலவரம்தான் நமக்கு. 'டவுட்ஃபுல்' என்றால் நிலைமை இன்னும் இழுபறி, 'ப்ராபப்ளி வில் ஹோல்ட்' என்றால் அடங்கிவிடும் போலிருக்கிறது. இந்த இரண்டாவதைக் கேட்காமல் எனக்குத் தூக்கம் வராது, வீட்டில் திட்டு விழுந்தாலும் சரி.