16 ஆம்பியர் எம்.சி.பி. அடிக்கடி விழுந்தால் 32 ஆம்பியர் போடலாமா?

நீங்கள் கேட்டிருப்பவை இரண்டு. ஒன்றரை டன் ஏ.சி.க்குப் போட்டிருக்கும் 16 ஆம்பியர் எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானாக விழுந்து, அதாவது அணைந்து, இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) அடிக்கடி விழுவதால், எலக்ட்ரீஷியன் சொல்வதுபோல் 32 ஆம்பியர் போட்டுவிடலாமா என்பது ஒன்று. கடையில் கிடைக்கும் எந்தக் கம்பெனி எம்.சி.பி.யும் உங்கள் டி.பி. பாக்ஸில், அதாவது எம்.சி.பி.கள் வரிசையாக இருக்கும் பெட்டியில், பொருந்துமா என்பது மற்றொன்று. வீட்டு வயரிங் ஒப்பந்த வேலை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: 32 ஆம்பியர் வேண்டவே வேண்டாம். இரண்டாவது கேள்விக்குப் பாக்ஸின் மூடியைக் கழற்றிப் பார்த்த பிறகுதான் பதில் சொல்ல முடியும்.

எம்.சி.பி.யின் முதல் வேலை, சுவருக்குள் குழாயில் ஓடும் வயரைக் காப்பது. ஆகவே அதன் அளவைத் தீர்மானிப்பது வயரின் தடிமன், ஏ.சி.யின் டன் கணக்கு அதற்குப் பிறகுதான் வரும். நம் வீடுகளில் ஏ.சி., கீசர் பாயிண்டுகளுக்குப் பெரும்பாலும் 2.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு வயர்தான் இழுக்கிறார்கள். குழாய்க்குள் அடைபட்டிருக்கும் அந்த வயர் ஏறக்குறைய 20 ஆம்பியரைத்தான் நிம்மதியாகத் தாங்கும். வீட்டு எம்.சி.பி.களுக்கான ஐ.எஸ்./ஐ.இ.சி. 60898 தரவிதிப்படி, குறித்த அளவைப்போல் 1.13 மடங்கு கரண்ட் பாய்ந்தால் எம்.சி.பி. ஒரு மணி நேரத்துக்குள் விழக்கூடாது, 1.45 மடங்கு பாய்ந்தால் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும். இதை 32 ஆம்பியருக்குப் போட்டுப் பாருங்கள்: 36 ஆம்பியர் ஒரு மணி நேரம் பாய்ந்தாலும் அது அசையாது, 46 ஆம்பியர் பாய்ந்தால்கூட விழுவதற்கு அதற்கு ஒரு மணி நேரம் வரை அவகாசம் உண்டு. அந்த நேரம் முழுவதும் 20 ஆம்பியர் வயரின் பி.வி.சி. உறை உள்ளே வெந்துகொண்டிருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது.

ஒன்றரை டன் ஏ.சி. ஓடும்போது சாதாரணமாக 7, 8 ஆம்பியர்தான் இழுக்கும். 16 என்பதே அதற்கு இரு மடங்கு. அப்படியிருந்தும் விழுகிறது என்றால் காரணம் வேறெங்கோ இருக்கிறது. அது எப்போது விழுகிறது என்று கவனித்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

கம்ப்ரெஸர் ஓடத் தொடங்கும் அந்தக் கணத்திலேயே விழுந்தால், எம்.சி.பி.யின் முகப்பில் எண்ணுக்கு முன்னால் என்ன எழுத்து இருக்கிறது என்று பாருங்கள். 'பி' வகை 3 முதல் 5 மடங்கு கரண்டில் உடனே விழுந்துவிடும். 'சி' வகை 5 முதல் 10 மடங்கு வரை பொறுக்கும். இன்வெர்ட்டர் அல்லாத பழைய ஏ.சி.யின் கம்ப்ரெஸர் கிளம்பும்போது பல மடங்கு கரண்டை ஒரு நொடிக்குள் இழுத்துவிட்டு அடங்கும் என்பதால் பி 16 அங்கே விழலாம், சி 16 நிற்கும். கடைக்காரர் 'டி' வகையை எடுத்து நீட்டினால் வாங்காதீர்கள். 10 முதல் 20 மடங்கு வரை பொறுக்கும் அது வீட்டு ஏ.சி.க்குத் தேவையில்லை. மின்னழுத்தம் மாலையில் 180 வோல்ட்டுக்குக் கீழே இறங்கும் பகுதி என்றால், கம்ப்ரெஸர் சுழலவே முடியாமல் கரண்டை இழுத்துக்கொண்டு நிற்கும். அங்கே சரிசெய்ய வேண்டியது மின்னழுத்தத்தைத்தான்.

அரை மணி, முக்கால் மணி ஓடிய பிறகு விழுந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது திருகாணியை. டெர்மினலில் வயர் இறுகப் பிடிக்காவிட்டால் அந்த இடம் சூடேறும்; எம்.சி.பி.க்குள் இருக்கும் இரட்டை உலோகப் பட்டை, கரண்டினால் வந்த சூடா திருகாணியிலிருந்து வந்த சூடா என்று பிரித்தறியாது, வளைந்து விழுந்துவிடும். டெர்மினலை ஒட்டிய வயரின் உறை பழுப்பேறியோ விறைத்தோ இருந்தால், அந்த நுனியை நறுக்கிவிட்டுச் செம்பு பளிச்சென்று தெரியும் பகுதியைப் புதிதாக உரித்து மாட்ட வேண்டும். எம்.சி.பி.யின் அளவு 30 டிகிரி சூழலை வைத்துக் குறிக்கப்பட்டது என்பதால், மே மாதத்தில் மேற்குச் சுவரில் பதித்த பாக்ஸுக்குள் அது சற்று முன்னதாகவே விழக்கூடும். ஆனால் 8 ஆம்பியர் மட்டும் பாயும்போது 16 ஆம்பியர் எம்.சி.பி. வெயிலால் மட்டுமே விழாது. கிளாம்ப் மீட்டர் வைத்து உண்மையில் எவ்வளவு பாய்கிறது என்று அளக்கச் சொல்லுங்கள். அதே லைனில் யாராவது கீசரையும் கோத்திருந்தால் அதுவும் அப்போது வெளிப்பட்டுவிடும். விழுவது எம்.சி.பி.யாக இல்லாமல் பக்கத்தில் இருக்கும், மின்கசிவைக் கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யாக இருந்தால், அது மின்கசிவு; எம்.சி.பி.யை எத்தனை முறை மாற்றினாலும் தீராது.

இனிக் கம்பெனிப் பொருத்தம். எம்.சி.பி.யை மாட்டுவதற்குப் பின்னால் இருக்கும் 35 மில்லிமீட்டர் தண்டவாளம் எல்லோருக்கும் பொது. ஒற்றைத் துருவ எம்.சி.பி.யின் அகலமும் ஏறக்குறைய 18 மில்லிமீட்டர்தான். எனவே எந்தக் கம்பெனியுடையதும் 'டக்'கென்று உட்கார்ந்துவிடும், ஏமாறுவது இங்கேதான். வரிசையாக எல்லா எம்.சி.பி.க்கும் ஃபேஸ் கொடுக்கும் செம்புச் சீப்பு, அதாவது பஸ்பார், உங்கள் பாக்ஸில் இருந்தால் அதன் பற்கள் நுழையும் உயரமும் ஆழமும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வேறு கம்பெனி எம்.சி.பி.யில் அந்தப் பல் பிடிப்புக்குள் போகாமல் வெளியே நின்றுகொள்ள, நீங்கள் திருகாணியை முழுதாக முறுக்கினாலும் அது வெறுங்காற்றைத்தான் இறுக்கும். பஸ்பார் இருந்தால் அதே கம்பெனி, அதே வரிசைதான் வாங்க வேண்டும்; தனித்தனி வயரால் ஃபேஸ் கொடுத்திருந்தால் வேறு கம்பெனியும் சரிதான். அமெரிக்காவில் இது இன்னும் கறார்: ஸ்கொயர் டி என்ற ஒரே கம்பெனிப் பெயரில் வரும் க்யூ.ஓ., ஹோம்லைன் என்ற இரண்டு வரிசைகளில் ஒன்றின் பிரேக்கர் மற்றதன் பேனலில் பொருந்தாது.

கடைக்குப் போகும் முன் பழைய எம்.சி.பி.யின் முகப்பைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கட்டத்துக்குள் 10000 என்று இருந்தால், 10,000 ஆம்பியர் ஷார்ட் சர்க்யூட் வரை அறுத்துவிடும் திறன் என்று பொருள். புதியதில் அது குறையக் கூடாது, ஐ.எஸ்.ஐ. முத்திரையும் வேண்டும். மாற்றுபவரிடம் ஒன்றை மட்டும் நினைவூட்டுங்கள்: டி.பி.யின் மெயினை இறக்கினாலும், அந்த மெயினின் மேல் முனையில் இ.பி. மீட்டரிலிருந்து வரும் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும்.